காரத்துக்கு எதற்கு மார்க்?

சுருட்டு ரசிகர்களிடையே இன்று ஒரு கருத்து கேட்பாரில்லாமல் உலவிக்கொண்டிருக்கிறது. நல்ல சுருட்டு காட்டமாக இருக்க வேண்டும். பற்றவைத்த முதல் இழுப்பிலேயே மிளகுக் காரம் தொண்டையைப் பிடிக்க வேண்டும். அது குறைந்த எண்ணிக்கையில், ‘லிமிடெட் எடிஷன்’ என்று பொன்னெழுத்தில் அச்சிட்ட பட்டையோடு வந்திருந்தால் இன்னும் உத்தமம். இந்த மூன்றும் பொருந்திவந்தால் மதிப்புரையாளர் 100க்கு 94 போடுகிறார். மென்மையான சுருட்டு வந்தால், ‘காலைக் காப்பியோடு பிடிக்கலாம், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்றது’ என்று ஒரு வரி எழுதி 88 போட்டு அனுப்பிவிடுகிறார்.

இதை ருசி பேதம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் தனக்குப் பிடித்ததைத் தரத்துக்கே அளவுகோலாக்கி, அந்த மார்க்கை வைத்துக் கடைக்காரர் விலை ஏற்றி, அந்த விலையைப் பார்த்து நிகரகுவாவின் எஸ்தெலியிலும் டொமினிக்கன் குடியரசின் சாந்தியாகோவிலும் இலைக் கலவையையே மாற்றத் தொடங்கிவிட்டால், அது ஒருவருடைய சொந்த ருசியாக இருக்கும் கட்டத்தைத் தாண்டிவிடுகிறது. காட்டத்துக்கும் காரத்துக்கும் அபூர்வத்துக்கும் மார்க் போடுவது தவறு என்பது என் கட்சி. மூன்றும் சுருட்டில் இருக்கலாம், இருப்பதில் குற்றமில்லை. மார்க்குக்கு அவை காரணமாகக் கூடாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுருட்டு உடம்புக்கு ஆகாது. புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயோடு விட்டாலும் வாய், குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுக்கு அது வழிவிடும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் இருக்கும் அளவு புகையிலை இருக்கக்கூடும். சுருட்டுப் புகை (அமிலத்துக்கு எதிர்மாறான பொருளில்) காரத்தன்மை உடையது என்பதால் அதிலுள்ள நிகோடின் வாயின் தோல் வழியாகவே ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. இது சுகாதாரப் பிரசங்கம் போலத் தோன்றினாலும் விவாதத்துக்கு நேரடியாகத் தொடர்புடையது. ஏனென்றால் சுருட்டுக்காரர்கள் ‘காட்டம்’ என்று மெச்சுவது பெரும்பாலும் இந்த நிகோடினைத்தான். காட்டத்துக்கு மார்க் போடுகிறவர், மருந்தின் அளவுக்கு மார்க் போடுகிறார்.

எதிர்க்கட்சியின் வலுவான வாதத்திலிருந்தே தொடங்குவோம். காட்டம் லிஹேரோ இலையிலிருந்து வருகிறது. லிஹேரோ செடியின் உச்சியில் இருக்கும் இலை. அதிக வெயில் குடித்தது, தடித்தது, எண்ணெய்ப் பசை நிறைந்தது, புளித்துப் பதப்பட நெடுநாள் பிடிப்பது, ஆகவே விலை கூடியது. அப்படிப்பட்ட இலையை நிறைய வைத்துச் செய்த சுருட்டு உயர்ந்ததாகத்தானே இருக்க வேண்டும்?

தகவல்கள் எல்லாம் சரி. முடிவுதான் சரியில்லை. செடியின் அடியில் இருப்பது வொலாடோ. மெல்லியது, நன்றாக எரியும். நடுவில் செகோ. வாசனை பெரும்பாலும் அதிலிருந்துதான். உச்சியில் லிஹேரோ. சுருட்டு உருட்டுகிறவர் லிஹேரோவை நடுவில் வைத்து மற்ற இலைகளை அதைச் சுற்றி அமைப்பார். மரியாதைக்காக அதை அங்கே வைப்பதில்லை. லிஹேரோ மெதுவாக எரியும். ஓரத்தில் வைத்தால் சுருட்டு ஒருபக்கமாக எரிந்து கோணிக்கொள்ளும். தனியாக வைத்தால் அணைந்து அணைந்து போகும். அதாவது இந்த ‘உயர்ந்த’ இலைக்கு எரிவதற்கே மற்ற இரண்டின் தயவு வேண்டும். கலவை என்பது இந்த மூன்றுக்கும் இடையிலான ஏற்பாடு. அதில் ஒரு இலையின் சதவீதத்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பெரிய கைத்திறன் எதுவும் இல்லை. லிஹேரோ மூட்டைக்குப் பணம் கொடுக்க முடிந்த யாரும் காட்டமான சுருட்டைச் செய்துவிடலாம்.

கியூபாவின் தொழிற்சாலைகள் இதை எப்படிப் பார்க்கின்றன என்பது கவனிக்க வேண்டியது. அங்கே ‘கதாதோர்’ எனப்படும் சுவைபார்ப்பவர்கள் இருக்கிறார்கள். உருட்டி முடித்த சுருட்டுகளிலிருந்து மாதிரி எடுத்துப் பிடித்துப் பார்ப்பது அவர்கள் வேலை. இழுப்பு, எரியும் தன்மை, காட்டம், மணம், சுவை என்று பிரித்துப் பார்ப்பார்கள். காட்டம் அந்தப் பட்டியலில் ஒன்று. கூடினால் நல்லது என்ற பொருளில் அல்ல, அந்த பிராண்டுக்கு இருக்க வேண்டிய அளவில் இருக்கிறதா என்ற பொருளில். ஓயோ தே மொந்தெர்ரே மென்மையாக இருக்க வேண்டும். ரோமியோ ஈ ஹூலியேத்தா நடுத்தரம். பார்த்தகாஸும் பொலிவாரும் காட்டம். ஓயோ ஒன்று பொலிவாரின் காட்டத்தோடு வந்தால் சுவைபார்ப்பவருக்கு அது குறை. நம் மதிப்புரையாளர் கையில் அதே சுருட்டு கிடைத்தால், ‘எதிர்பாராத வீரியம்’ என்று எழுதி 2 மார்க் கூட்டிக் கொடுத்திருப்பார்.

காட்டத்தை விடுங்கள், காரத்துக்கு வருவோம். இங்கேதான் குழப்பம் அதிகம். காட்டம் என்பது நிகோடின் உடம்பில் செய்யும் வேலை: தலை லேசாகச் சுற்றும், நெற்றி வியர்க்கும், வயிறு கலங்கும். காரம் வேறு. அது வாயிலும் மூக்கிலும் ஏற்படும் எரிச்சல். மிளகாயின் எரிவை நமக்குச் சொல்லும் முக்கிளை நரம்புதான் இதையும் சொல்கிறது. நாக்கின் சுவைமொட்டுகளுக்கு இதில் பெரிய பங்கில்லை. காட்டம் குறைந்து காரம் நிறைந்த சுருட்டுகள் உண்டு. காரமே இல்லாமல், அரை மணி நேரம் கழித்து நாற்காலியிலிருந்து எழ முடியாமல் செய்யும் சுருட்டுகளும் உண்டு. கறுத்த மேலிலை என்றால் காட்டம் என்று நினைப்பதும் இதே ரகத் தவறு. மதூரோ இலை நீண்ட நாள் சூட்டில் புளித்ததால் கறுத்தது. பெரும்பாலும் அதில் இனிப்புத்தான் தூக்கலாக இருக்கும். இவற்றையெல்லாம் பிரித்துப் பார்க்காமல், ‘ஃபுல் பாடி, மிளகு, அருமை’ என்று ஒரே மூச்சில் எழுதுவதை மதிப்புரை என்று எப்படிச் சொல்வது?

காரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். அது நல்ல வழியாகவும் வரும், கெட்ட வழியாகவும் வரும். எஸ்தெலியின் கனத்த கறுப்பு எரிமலை மண்ணில் வளர்ந்த இலைக்கு இயல்பாகவே ஒரு மிளகுத்தன்மை உண்டு. கொரோஹோ, கிரியோயோ விதை வழி வந்த இலைகளுக்கும் உண்டு. இது நல்ல வழி. புகையிலையைக் குவித்துப் புளிக்கவைக்கும்போது குவியலின் உள்ளே சூடு ஏறும், அம்மோனியா வெளியேறும், குவியலைப் பிரித்து, திருப்பி அடுக்கி, மறுபடி சூடேற விடுவார்கள். தடித்த லிஹேரோவுக்கு இது பலமுறை நடக்க வேண்டும். பிறகு மூட்டை கட்டி ஆண்டுக்கணக்கில் வைக்க வேண்டும். பணம் முடங்கிக் கிடக்கும் காலம் இது. அவசரப்பட்டு எடுத்து உருட்டினால் மிச்ச அம்மோனியா சுருட்டோடு வரும். அதுவும் மூக்கில் சுரீரென்று ஏறும், கண்ணில் நீர் வரும், தொண்டை கரகரக்கும். அனுபவமில்லாத நாக்கு அதையும் ‘மிளகு’ என்றே குறித்துக்கொள்ளும். மீன் கொஞ்சம் ஒரு மாதிரியாகிவிட்டால் குழம்பில் மிளகாய்த்தூளைத் தூக்கலாகப் போடும் சமையல்காரரை நமக்குத் தெரியும். சுருட்டுத் தொழிலிலும் அவருக்கு உறவினர்கள் உண்டு.

இது கற்பனைப் பயம் அல்ல. 1992இல் மார்வின் ஷேங்கன் ‘சிகார் அஃபிசியனாடோ’ பத்திரிகையைத் தொடங்கினார். அதையொட்டி அமெரிக்காவில் சுருட்டு மோகம் பிடித்தது. 1992இல் சுமார் 10 கோடியாக இருந்த உயர்ரகச் சுருட்டு இறக்குமதி 1997இல் 40 கோடியைத் தாண்டியது. செடியால் அந்த வேகத்துக்கு ஓட முடியாது. குவியலில் கிடக்கும் இலையாலும் முடியாது. எங்கிருந்தோ இலை வாங்கி, ஊற நேரமில்லாமல் உருட்டி, புதுப் பெயரும் பழைய தோரணைப் படமும் ஒட்டி விற்றார்கள். அந்தக் காலத்துச் சுருட்டுகளைப் பற்றிப் பிடித்தவர்கள் சொன்ன புகார் எரிச்சலும் கசப்பும்தான். மோகம் தணிந்ததும் அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை காணாமற்போயின. அப்போது எரிச்சலைக் குறை என்று சொன்ன நாக்கு, இப்போது அதையே குணம் என்று சொல்லப் பழகிவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

நல்ல காரத்தையும் பச்சை எரிச்சலையும் பிரித்தறிய ரகசியப் பயிற்சி எதுவும் வேண்டாம். கொஞ்சம் பொறுமை போதும். பற்றவைக்கும் முன் நுனியை வெட்டி வெறுமனே இழுத்துப் பாருங்கள். உலர்திராட்சை, வைக்கோல், தோல் போன்ற வாசனைகள் வரலாம். தொழுவ வாடை கூட இருக்கலாம், பயமில்லை. கிளீனிங் திரவம் போல மூக்கைக் குத்தினால் மட்டும் எச்சரிக்கை. பற்றவைத்து, முதல் அங்குலத்தை மதிப்பிடாமல் கடந்து செல்லுங்கள். வாயில் வாங்கிய புகையில் கொஞ்சத்தை மூக்கு வழியே மெல்ல விட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை. நல்ல காரம் மூக்கின் மேல்பகுதியில் சுள்ளென்று பட்டு உடனே விலகும். விலகும்போது பின்னால் வேறொன்றைக் காட்டும். தேவதாரு மரமோ, வறுத்த காப்பிக்கொட்டையோ, கோகோவோ, ஈரமண்ணோ. எரிச்சல் விலகாது. தொண்டையின் அடியிலும் நாக்கின் ஓரத்திலும் உட்கார்ந்துகொண்டு வாயை வறளவைக்கும். அடுத்த இழுப்பில் இன்னும் கூடும். சுருட்டின் கடைசி மூன்றிலொரு பங்கில் அது கசப்பாக மாறியே தீரும். முதல் அங்குலத்தைப் பிடித்துவிட்டு மதிப்புரையை மனத்துக்குள் எழுதி முடிப்பவருக்கு இந்த வேறுபாடு எட்டாது.

எஸ்தெலியில் செய்யப்பட்ட ஒரு வரம்புப் பதிப்பை நண்பர் ஒருவர் பெட்டியோடு கொண்டுவந்தார். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. வந்த மதிப்புரைகள் எல்லாம் அதன் ‘மிளகு வெடி’யைப் போற்றியிருந்தன. வெடித்தது உண்மை. நடுப்பகுதிக்கு வந்தபோது வெடித்த புகையைத் தவிர வேறொன்றும் இல்லை. முடிவில் கசப்பு, கூடவே தலைச்சுற்றல். நண்பர் சர்க்கரை கேட்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். நிகோடின் ஏறித் தலை சுற்றினால் சுருட்டுக்காரர்கள் செய்யும் வைத்தியம் அது. மிச்சத்தை ஈரப்பதம் காக்கும் ஹியூமிடார் பெட்டியில் போட்டுவைத்து, நெடுநாள் கழித்து எடுத்துப் பிடித்தோம். காரம் போயிருந்தது. காரம் இருந்த இடத்தில் எதுவும் வந்து சேரவில்லை. லேசான மரவாசனை, சூடான காற்று, அவ்வளவுதான். அந்தச் சுருட்டுக்குக் கொடுத்த மார்க் அத்தனையும் அதன் இளமைக்குக் கொடுத்த மார்க் என்று அன்றைக்குத் தோன்றியது.

இதை எதிர்த்தரப்பு பேசுவதே இல்லை. காரம் சுருட்டின் நிலையான குணம் இல்லை. உருட்டிய பிறகும் சுருட்டு மாறிக்கொண்டே இருக்கும். 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் சில ஆண்டுகள் வைத்தால் முதலில் மங்குவது காரம்தான். பொலிவாரையும் பார்த்தகாஸையும் வாங்கி ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைப்பவர்கள் அது மங்கட்டும் என்றுதான் வைக்கிறார்கள். அப்படியிருக்க, கடைக்கு வந்த மாதத்திலேயே பிடித்து, அன்றைய காரத்துக்கு மார்க் போட்டு, அதை அந்தச் சுருட்டின் நிரந்தரத் தகுதியாக அச்சிடுவதில் என்ன நியாயம்?

ஹோசே ‘பெப்பின்’ கார்சியாவின் கதை இந்த இடத்துக்குப் பொருத்தம். கியூபாவில் உருட்டும் தொழில் கற்று, மயாமியின் லிட்டில் ஹவானாவில் சிறிய தொழிற்சாலை தொடங்கி, பிறகு எஸ்தெலியில் பெரிதாக வளர்ந்தவர். முதல் இழுப்பின் மிளகடி என்றாலே அவர் பெயரைச் சொல்கிறார்கள். அவரைப் பார்த்துக் காப்பியடித்தவர்கள் பலர். ஆனால் ‘சிகார் அஃபிசியனாடோ’ 2012ஆம் ஆண்டின் சிறந்த சுருட்டாகத் தேர்ந்தெடுத்தது அவர் குடும்பத்தின் ஃப்ளோர் தே லாஸ் ஆந்தியாஸ் தோரோவை. நடுத்தரக் காட்டம், மிரட்டாத சுவை, கடையில் எப்போதும் கிடைக்கும் சுருட்டு. 2015இல் மறுபடி முதலிடம் பெற்ற அவர்களுடைய லெ பிஜூ 1922 காட்டமானதுதான், மறுக்கவில்லை. இரண்டையும் ஒரே கை செய்தது. மிளகைத் தெரிந்தவருக்கு அதை எப்போது அடக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது. காப்பியடித்தவர்கள் பாதியைத்தான் கற்றார்கள்.

‘அனுபவம் கூடக் கூட நாக்கு காட்டத்தைத்தான் தேடும்; ஆகவே காட்டம் முதிர்ந்த ரசனையின் அடையாளம்’ என்றொரு வாதம். நாக்கு தேடவில்லை, உடம்பு தேடுகிறது. நிகோடினுக்கு உடம்பு பழகும். பழகியபின் அதே அளவு போதாது. காரத்துக்கும் நரம்பு மரத்துப்போகும். மரத்துப்போனதை முதிர்ச்சி என்று சொல்லிக்கொள்வது ஆறுதலாக இருக்கலாம். இதோடு ஆண்மைப் பேச்சு வேறு கலந்துகொள்கிறது. காட்டமான சுருட்டை அசையாமல் பிடித்து முடித்தவன் வீரன் என்ற பாவனை. அதைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்க விருப்பமில்லை.

‘காட்டம்தான் பாரம்பரியம்’ என்பது இன்னொன்று. எந்த ஊர்ப் பாரம்பரியம்? 1990களில் அமெரிக்காவில் அதிகம் விற்ற உயர்ரகச் சுருட்டு மகனூடோ. நிழலில் வளர்த்த கனெக்டிகட் இலையில் சுற்றிய, வெகு மென்மையான சுருட்டு. நிகரகுவா மீது 1985 முதல் 1990 வரை அமெரிக்கா வணிகத் தடை போட்டிருந்தது. தடை நீங்கி, எஸ்தெலிச் சமவெளி மெல்ல மீண்டு, 2000களின் தொடக்கத்தில் ஹோயா தே நிகரகுவாவின் அந்தானியோ 1970 போன்ற முரட்டுச் சுருட்டுகள் வந்த பிறகுதான் இந்த மிளகு யுகம் தொடங்கியது. மகனூடோவோடு அதன் களத்தில் மோத முடியாதவர்கள் வேறு களத்தைத் திறந்தார்கள். கெட்டிக்கார வணிகம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு நூறாண்டு வயது ஏற்றிச் சொல்வதைத்தான் ஏற்க முடியாது. அதே நிகரகுவாவில் வடக்கே ஹலாபாப் பள்ளத்தாக்கின் இலை இனிப்பானது, மென்மையானது. நாட்டின் பெயரைச் சொல்லிக் காரத்தை நியாயப்படுத்துகிறவர்கள் ஹலாபாவை ஏன் மறந்துவிடுகிறார்கள்?

காட்டத்துக்குப் பழைய பெயர் வேண்டுமென்றால் நம் ஊரே இருக்கிறது. திருச்சிச் சுருட்டு பிரிட்டிஷ்காரர்களோடு கப்பலேறி லண்டன்வரை போனது. 1887இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்து அது திருச்சிச் சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுவார். சாம்பலைத் தடயமாகக் கொண்டாரே தவிர, காட்டத்துக்கு மார்க் போடவில்லை. உறையூரில் அதை வாங்கிப் பிடித்த பெரியவர்களும் காட்டம் வேண்டும் என்றுதான் வாங்கினார்கள். அது அவர்களுடைய தேவை. அதை உலகின் மற்றச் சுருட்டுகளுக்கு மேலே வைக்கும் தகுதியாக அவர்கள் சொல்லித் திரிந்ததில்லை.

இனி ‘லிமிடெட்’. பழைய நம்பிக்கைகளைவிட இது எனக்குக் கூடுதல் எரிச்சல் தருகிறது. ஏனென்றால் இதில் பணம் இருக்கிறது. அபூர்வத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இலை உண்மையிலேயே கிடைக்காததால் வருவது. 2010இல் வந்த கொஹீபா பெஹீகேயில் ‘மெதியோ தியெம்போ’ என்னும் இலை இருக்கிறது. லிஹேரோவுக்கும் மேலே, உச்சியில், எல்லாச் செடியிலும் வராத இலை. அதை நிறையச் செய்ய நினைத்தாலும் முடியாது. ஃபுவெந்தே ஃபுவெந்தே ஓபஸ்எக்ஸ் இன்னொரு உதாரணம். டொமினிக்கன் மண்ணில் நல்ல மேலிலை வளராது என்று தொழிலே கைவிரித்திருந்த நிலையில் கார்லோஸ் ஃபுவெந்தே ஜூனியர் அதைச் சொந்தப் பண்ணையில் வளர்த்துக் காட்டி 1995இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். அந்த ஒரு பண்ணை தருவதுதான் அளவு. அது காட்டமானது, காரமானது, கிடைப்பது அரிது. என் எதிரிகள் கேட்கும் மூன்றும் அதில் இருக்கின்றன. நல்ல சுருட்டும்கூட. ஆனால் அதை விரும்புகிறவர்கள் என்ன செய்கிறார்கள் பாருங்கள்: வாங்கியவுடன் பிடிக்காமல் ஆண்டுக்கணக்கில் வைத்து, காரம் தணிந்து அடியிலுள்ள இனிப்பு மேலே வந்த பிறகு எடுக்கிறார்கள்.

இரண்டாவது வகை, எண்ணிக்கையை மேசையில் உட்கார்ந்து முடிவு செய்வது. 2008 ஹாலோவீனுக்கு டாட்டுவாஹே நிறுவனம் ‘தி ஃப்ராங்க்’ என்று ஒரு சுருட்டை வெளியிட்டது. பெட்டிகள் 666. பெட்டிக்கு 13 சுருட்டு. பேய்க்கதைக்கு ஏற்ற எண்கள்; விளையாட்டாகச் செய்தார்கள், விளையாட்டு என்று மறைக்கவும் இல்லை. அந்தச் சுருட்டு மோசம் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் 666 என்பது எந்த வயலின் விளைச்சல் கணக்கிலிருந்தும் வந்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பின்னால் வந்த நூற்றுக்கணக்கான வரம்புப் பதிப்புகளில் இந்த வெளிப்படைகூட இல்லை. ஆயிரம் பெட்டி என்று அறிவிப்பார்கள், அடுத்த ஆண்டு வேறு நீளத்தில் அதே கலவை, மறுபடி ஆயிரம்.

கியூபாவின் ஹபானோஸ் நிறுவனத்தின் ‘எதிசியோன் லிமிதாதா’ வரிசை 2000ஆம் ஆண்டு தொடங்கியது. கறுப்பும் பொன்னுமான இரண்டாவது பட்டை அதன் அடையாளம். மேலிலையைக் குறைந்தது 2 ஆண்டு ஊறவைத்தது என்பது வாக்குறுதி. உள்ளே இருக்கும் இலைகளுக்கும் அந்த 2 ஆண்டு விதி வந்தது 2007இல்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் இதே பட்டை, இதே பெருமை. இதை அதே ஹபானோஸ் நிறுவனத்தின் ரிசர்வா வரிசையோடு வைத்துப் பாருங்கள்: அங்கே 3 ஆண்டு, கிரான் ரிசர்வாவில் 5. பத்ரோன் குடும்பம் 1926 வரிசைக்கு 5 ஆண்டு ஊறிய இலையைப் பயன்படுத்துவதாகச் சொல்கிறது. 1964 வரிசைக்கு 4 ஆண்டு. இவ்விரண்டு வரிசைகளும் ஆண்டுதோறும் செய்யப்படுபவை. ஊறிய காலம்தான் பெருமை என்றால், வரம்புப் பட்டையில்லாத சுருட்டு பல நேரங்களில் முந்திவிடுகிறது.

எது கடினம் என்பதிலும் எதிர்த்தரப்பு தலைகீழாகப் பார்க்கிறது. ஒரு பருவத்தில் அமைந்த நல்ல இலையைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை மட்டும் ஒரு சுருட்டைச் செய்வது ஒப்பளவில் எளிது. மான்டெக்ரிஸ்டோ நம்பர் 4ஐ ஆண்டுதோறும், மழை கூடினாலும் குறைந்தாலும், நோய் வந்து வயல் போனாலும், அதே சுவையில் லட்சக்கணக்கில் செய்வது கடினம். கலவை செய்கிறவர் ஒவ்வொரு அறுவடைக்கும் அளவுகளைத் திருத்தி, பிடிப்பவருக்கு மாற்றம் தெரியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்குப் பாராட்டு கிடைப்பதில்லை. மாற்றம் தெரியவில்லை என்பதாலேயே கிடைப்பதில்லை. பட்டையைக் கழற்றிவிட்டு எண்ணிட்ட வெள்ளைக் காகிதம் சுற்றிப் பிடித்துப் பார்க்கும் சோதனைகளில் இந்த உழைப்பு சில நேரம் வெளிச்சத்துக்கு வரும். ‘சிகார் அஃபிசியனாடோ’ அப்படித்தான் செய்கிறது. அதன் முதலிடங்களில் 2006இல் பொலிவார் ராயல் கொரோனா, 2008இல் காசா மக்னா கொலராடோ ரொபுஸ்தோ, 2013இல் மான்டெக்ரிஸ்டோ நம்பர் 2. எல்லாம் வழக்கமான உற்பத்தி. 2010இல் பெஹீகே 52ம், 2016இல் லா ஃப்ளோர் டொமினிக்கானாவின் ஆண்டலூசியன் புல்லும் வென்றன. அவை எளிதில் கிடைக்காதவை. எனவே அரியது தோற்கும் என்று நான் வாதாடவில்லை. பட்டை கழன்றபின் அபூர்வம் புகையில் தெரிவதில்லை என்பதற்கு இந்தப் பட்டியலே போதும்.

பட்டை கழலாதபோது நன்றாகவே தெரிகிறது. 2022இல் ஹபானோஸ் கொஹீபாவுக்கும் த்ரினிதாதுக்கும் உலகெங்கும் விலையை உயர்த்தி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தது. சில சந்தைகளில் விலை ஒரே நாளில் பல மடங்கானது. அதே இலை, அதே உருட்டு. அந்த விலையேற்றத்துக்குப் பிறகு அவற்றைப் பிடித்தவர்கள் முன்னைவிட மெதுவாக, கண்களை மூடிக்கொண்டு பிடித்திருப்பார்கள் என்று பந்தயம் கட்டத் தயார்.

காட்டமும் காரமும் அபூர்வமும் கூடிய சுருட்டை மதிப்பிடவே கூடாதா என்றால், மதிப்பிடலாம். அதற்கு முறை இருக்கிறது. காட்டத்தைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள்: மென்மை, நடுத்தரம், காட்டம். வாங்குகிறவருக்கு அது தேவையான தகவல். வெறும் வயிற்றில் பிடிக்கக் கூடாது என்று தெரிந்துகொள்வார். அதற்கு மார்க் வேண்டாம். காரத்தை எழுதும்போது எங்கே பட்டது, எத்தனை நேரம் இருந்தது, விலகியபோது என்ன மிஞ்சியது என்று எழுதுங்கள். கடைசி மூன்றிலொரு பங்கைப் பிடிக்காமல் எழுதாதீர்கள். சுருட்டு உருட்டி எத்தனை மாதம் ஆகிறது என்பதைச் சொல்லுங்கள். கியூபப் பெட்டியின் அடியில் மாதமும் ஆண்டும் முத்திரையாகவே இருக்கும், மற்றவர்களிடம் கேட்டு வாங்கலாம். இழுப்பும் எரிவும் கையின் வேலை. அவற்றுக்கு மார்க் தாராளமாகப் போடுங்கள், உருட்டியவர் அதற்குத் தகுதியானவர். பட்டையில் உள்ள எண்ணிக்கையை மதிப்புரையின் கடைசி வரியில், விலைக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். அது விற்பனைத் தகவல்.

இத்தனையும் செய்தபிறகு ஓராண்டு கழித்து அதே பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பிடித்து, பழைய மார்க்கின் கீழேயே புதியதையும் அச்சிட வேண்டும் என்பது என் கோரிக்கை. வழக்கமான சுருட்டுக்கு இது சிரமமில்லை, கடையில் இருக்கும். வரம்புப் பதிப்புக்காரர், ‘பெட்டி தீர்ந்துவிட்டது, இனி வராது’ என்பார். அப்படியென்றால் அவர் கொடுத்த 94ஐ அவரும் சரிபார்க்க முடியாது, படித்தவரும் சரிபார்க்க முடியாது. விற்றவருக்கு மட்டும் அது பயன்பட்டிருக்கிறது, அடுத்த பதிப்பின் விலையை நிர்ணயிக்க.